வலை உவமையும் ஒரு பேத்தை மீனும்

ஞானோபதேசம் சொல்லித்தரப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்குப் பாடம் நடத்த என்னை அழைக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். பாடம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் செய்த தப்புகள்தான் உங்களுக்குத் தெரியாது. அவற்றில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று சிறியது, ஒன்று பெரியது.

சேசுநாதர் சொன்ன உவமைகளை நாம் திருப்பிச் சொல்கிறோம். அதில் ஒரு ஆபத்து உண்டு. கதை அவருடையது என்பதால், நடுவே நாம் சேர்க்கும் சொந்தச் சரக்கும் அவருடையதே என்று கேட்பவர்கள் நம்பிவிடுவார்கள்.

சிறிய தப்பை முதலில் சொல்கிறேன். நான் உபதேசியாராகச் சேர்ந்த புதிதில், மயிலாப்பூரில் நாலைந்து வீட்டுப் பெண்களுக்குக் கடுகு விதை உவமையைச் சொன்னேன். சின்ன விதை, மரமாகி, பறவைகள் வந்து கூடு கட்டும் அளவுக்கு வளர்கிறது என்றேன். அங்கே சமையல் வேலைக்குப் போகும் ஒரு அம்மாள் இருந்தார். "கடுகு மரத்த நீங்க பாத்துருக்கீங்களா?" என்று கேட்டார். கடுகுச் செடியையே நான் பார்த்ததில்லை. ஆனாலும், "ஓ, எங்கள் வீட்டுப் பின்கட்டில் கூட ஒன்று இருந்தது" என்று கூசாமல் சொன்னேன். அடுத்த வாரம் அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார், மரத்தைப் பார்க்க! என் தாயார் அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய், "இது முருங்கை, இது கிணறு, கடுகு அஞ்சறைப்பெட்டியில இருக்கு" என்று காட்டினாராம். அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தாலே அந்தப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "அந்த நாட்டுக் கடுகு வேறு ஜாதி, நான் பார்த்ததில்லை" என்று சொல்லியிருந்தால் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் சுவிசேஷத்துக்கு ஒரு குறைவும் வந்துவிடாது.

அந்தத் தப்புக்கு விலை சிரிப்போடு போயிற்று. மற்றது ஒரு மனிதனின் சோற்றில் கை வைத்தது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் பட்டணம் பாதி காலியானதே, அதற்கு அடுத்த வருஷம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. அடையாற்றின் முகத்துவாரத்துக்குத் தெற்கே இருந்த ஒரு மீனவர் குப்பத்தில் வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் அவர்களுக்கு ஞானோபதேசம் சொல்ல என்னைப் பங்குச் சாமியார் அனுப்பினார். சாந்தோமிலிருந்து நடந்து, அடையாறு பாலம் தாண்டி, தோப்புகளுக்குள் புகுந்து போனால் கடற்கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை. உள்ளே அந்தோணியார் சுரூபம், பனையோலைப் பாய்கள். அதுதான் கோவில்.

குப்பத்துக்குப் பெரியவர் மிக்கேல். எல்லோரும் அவரை 'மிக்கேல் நைனா' என்பார்கள். அவருக்குச் சொந்தமான பெரிய கரைவலையில்தான் குப்பத்தில் பாதிப் பேர் கயிறு இழுத்துப் பிழைத்தார்கள். வலையைப் படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்து விட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். இழுத்தவனுக்கு மீனில் பங்கு. இழுக்காதவனுக்குப் பங்கு இல்லை.

அந்தக் குப்பத்தில் ராயப்பன் என்று ஒருவன் இருந்தான். முப்பது வயது இருக்கும். ஊர் காலியான சமயத்தில் தியாகராய நகரில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் புகுந்து இரண்டு பித்தளை அண்டாக்களைத் தூக்கிவிட்டான். போலீஸ்காரர்கள் குப்பத்துக்குள் வந்து, ஒரு குடிசை விடாமல் அரிசிப் பானை வரை கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒரு பாவமும் அறியாத மிக்கேலின் மகனை இரண்டு நாள் அடைத்துவைத்து விட்டார்கள். பிறகுதான் ராயப்பன் அகப்பட்டான். ஆறு மாதம் சிறையில் இருந்துவிட்டு, நான் அங்கே போக ஆரம்பித்த சில வாரங்களில் திரும்பி வந்தான். அவனுக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. இருந்தது ஒரு அக்காள். சவரியம்மா என்று பேர். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மந்தைவெளி வரை நடந்து விற்பவர்.

ராயப்பன் கொட்டகைக்குள் வரமாட்டான். வெளியே மணலில், கட்டுமரத்தில் சாய்ந்துகொண்டு, உள்ளே நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பான். அவனை யாரும் கயிற்றில் சேர்க்கவில்லை, விரட்டவும் இல்லை. இன்னும் ஒரு மாதம் போனால் மிக்கேலின் கோபம் தணியும், தம்பிக்கு ஒரு இடம் கிடைக்கும் என்று சவரியம்மா காத்திருந்தார்.

அப்போதுதான் நான் வலை உவமையைச் சொன்னேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். வலை கடலில் விழுகிறது. எல்லா வகை மீனும் அதில் சேருகிறது. நிறைந்ததும் கரைக்கு இழுத்து, உட்கார்ந்து, நல்ல மீனைக் கூடையில் போட்டு, ஆகாததை எறிந்துவிடுகிறார்கள். உலக முடிவில் தேவதூதர்களாகிய சம்மனசுகள் அப்படிப் பிரிப்பார்கள். மீனவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை வேறு ஏது? எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கடுகு விஷயத்தில் சூடுபட்டவன் ஆயிற்றே, இந்த முறை கேட்பவர்களையே பேச வைப்போம் என்று நினைத்தேன்.

"ஆகாத மீன் என்றால் எது?" என்று கேட்டேன்.

"பேத்த" என்றார்கள் நாலைந்து பேர். தொட்டால் வயிறு உப்பிக்கொள்ளுமே, விஷ மீன், அது.

"அது வலையில் விழுந்தால்?"

மிக்கேல் பதில் சொன்னார். "கட்ச்சி வலைய அறுத்துடும் உபதேசியாரே. துன்னா ஆளு காலி. எட்த்து மணல்ல வீசிட்டு வேலையப் பாப்போம்."

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கொட்டகைக்குப் புதுக் கீற்று வேய்ந்து தருவதாக மிக்கேல் அந்த வாரம்தான் ஒப்புக்கொண்டிருந்தார். அவர் மனம் குளிர ஒரு வார்த்தை பேசவேண்டும் என்று எனக்குள் ஒரு ஆசை. அதை அப்போது நான் ஆசை என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்; நீதி என்று சொல்லியிருப்பேன். "அப்படித்தான் மனிதர்களிலும்" என்றேன். "ஒரே ஒரு பேத்தை போதும், குப்பத்தின் மானம் முழுக்க அறுந்துபோக." சொல்லிக்கொண்டே வெளியே பார்த்தேன். நான் பார்த்த பக்கம் எல்லாத் தலைகளும் திரும்பின.

ராயப்பன் எழுந்தான். மணலைத் தட்டிக்கொண்டான். கடல் ஓரமாக நடந்து போனான்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது, இவ்வளவு அருமையாக ஒரு உவமையை நான் சொன்னதே இல்லை என்று நினைத்துக்கொண்டு பாலத்தில் நடந்தேன். உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? சந்தோஷமாக இருந்தது.

அந்த வாரம் புதன்கிழமை சவரியம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மீன் கூடை காலியாக இருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"உபதேசியாரே, என் தம்பிக்கு இப்ப குப்பத்துல இன்னா பேருன்னு தெரியுமா?"

"என்ன பேர்?" என்றேன்.

"பேத்த. சின்னஞ்சிறுசுங்கல்லாம் அப்டிதான் கூவுதுங்க. நேத்து தம்பி கயித்தாண்ட போயி நின்னுச்சு. மிக்கேலு நைனா இன்னா சொன்னாரு தெரியுமா? 'உபதேசியாரே சொல்லிட்டாரு, சேசுநாதரே சொல்லிட்டாரு, பேத்தைய வலையில வெச்சிக்கக் கூடாதுன்னு. நா இன்னா பண்ண?' அப்டின்றாரு. இத்தினி நாளா அவரு கோவம் அவரோட கோவமா இருந்திச்சி. இப்ப அத்த வேதமாக்கிட்டீங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். உவமையில் அப்படித்தான் இருக்கிறது, நல்ல மீன், கெட்ட மீன் என்று... அவர் என்னை முடிக்க விடவில்லை.

"பேத்த பொறக்கும்போதே பேத்த. சாவற வரைக்கும் பேத்த. அது இன்னா செய்யும் பாவம், மாறவா முடியும்? என் தம்பி அப்டியா? மனுசன் மாறுவான்னு நீங்கதான படிக்க வெச்சீங்க? அது பொய்யா?"

கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அவர் உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது.

நேராகப் பங்குச் சாமியாரிடம் போனேன். அவர் அதிகம் பேசாதவர். ஜனங்கள் வந்து சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்டுக் கேட்டு, எதைக் கேட்டாலும் முகம் மாறாத பழக்கம் அவருக்கு வந்திருந்தது. நான் சொன்னது முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த உவமையில் பிரிக்கிறது யார்?" என்றார்.

"சம்மனசுகள், சாமி."

"எப்போது?"

"உலக முடிவில்."

"அதுவரைக்கும் வலைக்கு என்ன வேலை?"

யோசித்துச் சொன்னேன். "சேர்க்கிறது."

"நீ வலையா, சம்மனசா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சாமி, நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் மிக்கேல் கேட்பார்" என்றேன்.

"கேட்பார்தான். ஆனால் ஜனங்கள் முன்னால் சொன்னது நீ. அவர்கள் முன்னால் நீயே திருப்பி எடுத்துக்கொள். நான் வந்தால், உபதேசியாரை விடச் சாமியார் பெரியவர் என்றுதான் அவர்களுக்குப் புரியும். வேறொன்றும் புரியாது."

அடுத்த ஞாயிறு வருவதற்குள் எனக்கு இரண்டு கிலோ குறைந்திருக்கும். வேறு ஏதாவது உவமையைச் சொல்லி, நைசாக மன்னிப்பைப் பற்றிப் பேசி, பழையதை மூடிவிடலாமா என்று ஒரு யோசனை. காணாமல் போன ஆடு இருக்கிறதே, அதைச் சொன்னால் யார் மனமும் நோகாது. ஆனால் மணல் கரையில் ஆட்டைப் பற்றிப் பேசிவிட்டு வந்தால், பேத்தை என்ற பெயர் ராயப்பனோடு அப்படியே இருக்கும். சொன்ன கதையைத்தான் திருத்த வேண்டும்.

கொட்டகை நிறைந்திருந்தது. போன வாரம் நடந்தது வெளியே பரவி, வேதத்தில் சேராதவர்கள் சிலரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ராயப்பன் வெளியே இருக்கிறானா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடியும் எல்லாத் தலையும் திரும்பும்.

"போன வாரம் நான் வலை உவமையைத் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன். "சேசுநாதர் சொன்னது சரி. நான் சேர்த்தது தப்பு. இன்னார் நல்ல மீன், இன்னார் பேத்தை என்று அவர் யாரையும் காட்டவில்லை. காட்டினது நான். அந்த வேலையை அவர் எனக்குக் கொடுக்கவில்லை."

மிக்கேல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்ப திருட்னவனும் ஒண்ணு, திருடாதவனும் ஒண்ணு. அதான உபதேசியாரே? என் புள்ள ரெண்டு நாளு உள்ள கெடந்தானே, அதுக்கு இன்னா சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. இந்த இடத்தில்தான் நம்மில் பலர் சறுக்குவோம். ஒருவருக்கு நியாயம் செய்யப் போய் இன்னொருவருடைய காயத்தை இல்லை என்று சொல்லிவிடுவோம். உவமையில் அவருக்கு ஒரு பதிலைத் தேடினேன். அங்கே இல்லை. ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"ஒண்ணு இல்லைங்க, பெரியவரே. உங்கள் பிள்ளைக்கு நடந்தது அநியாயம். ராயப்பன் செய்தது திருட்டு. அதற்கு ஆறு மாதம் அனுபவித்துவிட்டு வந்திருக்கிறான். அவனை நீங்கள் மன்னிக்கத்தான் வேண்டும் என்று உங்கள் கழுத்தைப் பிடிக்க நான் வரவில்லை. அவனைச் சேர்க்க முடியாது என்றால், அது உங்கள் கோபம், அப்படியே சொல்லுங்கள். வேதம் சொல்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்."

மிக்கேல் எழுந்தார். கும்பிட்டார், என்னையல்ல, அந்தோணியாரை. வெளியே போனார். அவரோடு ஏழெட்டு ஆண்களும் போனார்கள். புதுக் கீற்று போயிற்று என்று நினைத்தேன். என்ன அற்ப மனசு பாருங்கள், அந்த நேரத்திலும் கீற்று!

மிச்சம் இருந்தவர்களோடு செபம் சொல்லி முடித்தேன். சவரியம்மாவைப் பார்த்து, "அக்கா, நாளைக் காலையில் உங்கள் தம்பியைக் கரைக்கு வரச் சொல்லுங்கள். நானும் வருகிறேன்" என்றேன். வந்து என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

திங்கட்கிழமை விடிந்து, வெயில் ஏறும் முன் அங்கே போய்ச் சேர்ந்தேன். வலை கடலில் இறங்கிவிட்டது. இரண்டு கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ராயப்பன் தூரத்தில், ஈர மணலில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் அவன் அக்காள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெற்குக் கயிற்றின் கடைசியில் போய்ப் பிடித்தேன். சிலர் சிரித்தார்கள். மிக்கேல் என்னை ஒருமுறை பார்த்தார்.

ஞானோபதேசப் புத்தகம் தூக்கிய கை அது. கயிறு தென்னை நார்க் கயிறு, உப்பு ஊறியது. அலை பின்வாங்கும்போது கடலே நம்மை உள்ளே இழுப்பது போல இருக்கும். வடக்குக் கயிற்றுக்காரர்கள் முன்னேறிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் பக்கம் பிந்தியது. இரண்டு பக்கமும் சமமாக வராவிட்டால் வலை கோணிக்கொண்டு மீன் தப்பிவிடும். அன்றைக்கு வலையின் மடியில் நல்ல மீன். கரையிலிருந்தே வெள்ளியாகத் துள்ளுவது தெரிந்தது. பெண்கள் கத்த ஆரம்பித்தார்கள். எங்கள் கயிறு நின்றே போயிற்று.

மிக்கேல் ஓடிவந்து எங்கள் பக்கம் கை கொடுத்தார். அப்போதும் கயிறு நகரவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன கணக்கு ஓடியது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"டேய் ராயப்பா! இன்னாடா வேடிக்க பாத்துக்கினு கீற? வந்து புடிடா!"

ராயப்பன் ஓடிவந்த வேகம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. எனக்கு முன்னால் புகுந்து கயிற்றைத் தோளில் வாங்கிக்கொண்டான். கயிறு நகர்ந்தது.

மீனைப் பிரித்தபோது மிக்கேல் எல்லோருக்கும் போட்டதுபோல அவனுக்கும் ஒரு பங்கு போட்டார். முகத்தைப் பார்க்கவில்லை. பேசவும் இல்லை. அவர்கள் இரண்டு பேரும் மனம் விட்டுப் பேச இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மிக்கேலின் மகன் கலியாணத்தில் ராயப்பன் பந்தலுக்குக் கால் நட்டபோதுதான் அது நடந்தது. அதில் என் பங்கு ஒன்றும் இல்லை. பட்டப்பெயர் மட்டும் அந்தத் திங்கட்கிழமையோடு கரைந்துபோயிற்று. அது எப்படி என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் உவமையைத் திருத்திச் சொன்ன விதம்தான் என்று முடிவுகட்டியிருந்தேன். உபதேசியாருக்குத் தன் வாய்மேல் இருக்கும் நம்பிக்கை லேசில் போகாது.

உலக யுத்தம் முடிந்த பிறகு என்னை வேறு பங்குக்கு மாற்றினார்கள். குப்பத்தார் எல்லோரும் பாலம் வரை வந்து வழியனுப்பினார்கள். என் தகரப் பெட்டியை ராயப்பன் தூக்கிக்கொண்டு வந்தான். மற்றவர்கள் திரும்பிய பிறகு, அவனிடம் ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று எனக்கு ஆசை.

"ராயப்பா, அன்றைக்கு வலை உவமையைத் திருத்திச் சொன்னேனே, உனக்கு நினைவிருக்கிறதா?"

"எது?"

"ஞாயிற்றுக்கிழமை. எல்லோர் முன்னாலும். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று."

அவன் யோசித்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"அன்னிக்கு நா அங்க இல்லவே இல்லியே, உபதேசியாரே. இனிமே இந்தக் குப்பமே வேணாம்னு கொட்டிவாக்கம் பக்கமா கால் போன போக்குல போய்க்கினு இருந்தேன். அக்காதான் பின்னாலயே ஓடியாந்து, 'நாளைக்கு ஒரு நாளு கரைக்கு வந்துட்டுப் போடா'ன்னு இட்டாந்துச்சி. வந்து நின்னா, நீ போயி கயித்த புடிக்கற. கையி ரெண்டும் கிழிஞ்சி ரத்தமா ஊத்துது. கயித்த வுடலியே நீ! அத்த பாத்துட்டுதான், சரி, இங்கியே இருந்துடலாம்னு தோணிச்சி."

பாலத்தின் மறுமுனையில் பெட்டியை இறக்கிவைத்தான். வலை இறக்க நேரமாகிவிட்டது, மிக்கேலு நைனா திட்டுவாரு என்று சொல்லிவிட்டு, கடலைப் பார்த்து வேகமாக நடந்தான்.